குட்டி வருமுன்னே வீடு தயாராகட்டும்: வாசகர் கேள்வி பதில்

தீபாவளியும் டிசம்பர் விடுமுறையும் நெருங்கினால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை நாய்க்குட்டிகளைப் பற்றியவையாகவே இருக்கும். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்களில் குட்டி வந்தால் நல்லது என்று பெற்றோர் நினைப்பது இயல்புதான். கால்நடை மருத்துவமனையொன்றில் 24 ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்த எனக்கு, ஜனவரி மாதத்தில் அங்கே துண்டில் சுற்றிக் கொண்டுவரப்பட்ட குட்டிகளின் நினைவுதான் முதலில் எழுகிறது. அவற்றுள் பல, குட்டி வருவதற்கு முன்னரே செய்திருக்க வேண்டிய ஏற்பாடுகளை வந்த பின் செய்துகொள்ளலாம் என்று விட்டதால் நோயுற்றவை. ஆகவே இம்மாதம் அக்கடிதங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதுகிறார்: கைவிடப்பட்ட குட்டிகளைப் பராமரிக்கும் ஒரு காப்பகத்தில், எட்டு வாரப் பெண்குட்டி ஒன்றைத் தத்தெடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறோம். வீட்டைப் பார்வையிட ஆள் வருவார்கள் என்று சொன்னதும், உதவி செய்ய முன்வந்த நம்மிடமே விசாரணையா என்று என் கணவர் மனம் வருந்துகிறார். அவர்கள் எதைப் பார்ப்பார்கள்? நாங்கள் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

அம்மா, உங்கள் கணவர் வருந்த வேண்டியதில்லை. விலங்குநலச் சங்கமான எஸ்பிசிஏவின் கிளைகளும் பெரும்பாலான தனியார் காப்பகங்களும் தென்னாப்பிரிக்காவில் வீட்டைப் பார்க்காமல் குட்டியைத் தருவதில்லை. ஒருமுறை கைவிடப்பட்ட உயிர் மீண்டும் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதே அவர்களின் கவலை. வருபவர் முதலில் உங்கள் வேலியையும் வாயிற்கதவையும் பார்ப்பார். சாட்ஸ்வர்த்தின் இரட்டை வீடுகளில் அண்டை வீட்டுக்கும் நமக்கும் நடுவே உள்ள சுவரின் அடியில், மழைநீர் வடிவதற்காக விட்ட துளைகள் பெரும்பாலும் அப்படியே திறந்திருக்கும். உங்கள் கைமுட்டி நுழைகிற இடைவெளியில் எட்டு வாரக் குட்டியும் நுழைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுவைக் கதவின் கம்பிகளுக்குக் கீழ்ப்பகுதியில் முழங்கால் உயரத்துக்குக் கம்பிவலை கட்டிவிடுங்கள். நீச்சல் குளம் இருந்தால் அதற்கு வலை போடாமல் குட்டியைக் கொண்டுவர வேண்டாம். குட்டிக்கு நீந்தத் தெரிந்தாலும் வழுவழுப்பான குளச்சுவரில் கால் பற்றி ஏறி வர அதனால் முடியாது.

பிறகு ஒருநாள் மாலை, நீங்கள் இருவரும் கூடத்திலும் சமையலறையிலும் தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண்மட்டத்திலிருந்து வீட்டைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாதவை அப்போது தெரியும்: தொலைக்காட்சிக்குப் பின்னால் தொங்கும் மின்கம்பிகள், கழுவுதொட்டிக்கு அடியிலுள்ள ப்ளீச் குப்பி, பூசையறையின் கீழ்த்தட்டில் வைத்திருக்கும் கற்பூர டப்பா. கற்பூரம் நாய்களுக்கு நஞ்சு. ஒரு சிறு குட்டிக்கு வலிப்பு வர ஒன்றிரண்டு வில்லைகளே போதும். எண்ணெயூறிய விளக்குத் திரியும் குட்டிகளுக்கு மிகவும் பிடிக்கும், அது குடலில் சிக்கிக்கொள்ளும். ஆகவே பூசைப் பொருட்கள் அனைத்தையும் மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

தோட்டத்தில் பூசைக்கென்று நம்மவர்கள் வளர்க்கும் அரளியின் இலை, பூ, குச்சி எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அழகுக்காக நடும் சைக்கஸ் செடியின் விதைகள் ஈரலைக் கெடுக்கும். நத்தைகளைக் கொல்லப் போடும் நீலக் குருணையைக் குட்டி தீனியென்றே நினைத்துத் தின்னும். இவற்றுக்கெல்லாம் மேலாக, தெருவோரங்களில் எலிமருந்து என்று சிறு பொட்டலங்களில் விற்கும் டூ-ஸ்டெப் என்ற கரிய குருணையை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது ஆல்டிகார்ப் என்னும் கொடிய பூச்சிக்கொல்லி. திருடர்கள் நாய்களைக் கொல்ல இறைச்சியில் வைத்து எறிவதும் இதையே.

வருபவர் கேட்கக்கூடிய மற்றொரு கேள்வி, நாய் எங்கே உறங்கும் என்பது. காவலுக்காக என்று சொல்லிப் பின்வாசலில் சங்கிலியில் கட்டி வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. தேவையில்லாமல் அல்லது துன்புறுத்தும் வகையில் விலங்கைக் கட்டி வைப்பது 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கட்டி வைத்த நாய் அச்சத்தாலேயே கடிக்கும் என்பதைக் கடிபட்ட பிள்ளைகளோடு வந்த பெற்றோரிடமிருந்து நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

குட்டியை வாங்கும் நாளில் காப்பகத்தாரிடம் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். முதல் ஊசி எந்தத் தேதியில் போடப்பட்டது, குடற்புழு மருந்து எப்போது கொடுக்கப்பட்டது, உடன்பிறந்த குட்டிகளில் எதுவும் நோயுற்றதா, கருத்தடை செய்தாயிற்றா, மைக்ரோசிப் பொருத்தியாயிற்றா என்ற ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல காப்பகங்கள் கருத்தடை செய்த பின்னரே குட்டியைத் தருகின்றன; இவ்வளவு இளம் வயதிலா என்று நீங்கள் திகைக்க வேண்டாம், கைவிடப்படும் குட்டிகள் குறைய வேண்டுமானால் அதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே தின்ற அதே தீனியில் ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, புதுத் தீனியை அதில் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அழைத்து வருவது நல்லது. இரண்டு நாட்களாவது யாராவது உடன் இருக்க முடியும். மருத்துவரிடம் முதல் சந்திப்புக்கான நேரத்தை, குட்டி வருவதற்கு முன்பே குறித்து வைத்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் குட்டி வாசலைத் தாண்டி வெளியே போகப் போவதில்லை. அதற்கும் இத்தனை ஊசிகள் வேண்டுமா? ஒரே ஊசியை ஏன் மூன்று முறை போடச் சொல்கிறார்கள்? பணத்துக்காகவா?

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. அதற்கு விடை தாய்ப்பாலில் இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலின் வழியே, தாயின் உடலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள் குட்டிக்குச் சேர்கிறது. அது சில வாரங்கள் குட்டியைக் காக்கும். அதே பொருள் நாம் போடும் தடுப்பூசியையும் வேலை செய்ய விடாமல் தடுத்துவிடும். எட்டாவது வாரத்துக்கும் பதினாறாவது வாரத்துக்கும் இடையே ஏதோ ஒரு நாளில் அது தீர்ந்துபோகிறது. எந்த நாளில் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளுக்கே வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் ஆகும் வரை மீண்டும் மீண்டும் போடுகிறார்கள். தெருவில் கண்டெடுத்த குட்டிக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதன் தாய்க்கு ஊசி போட்டிருந்தார்களா என்பதோ, அது சீம்பால் குடித்ததா என்பதோ யாருக்கும் தெரியாது.

குட்டி வெளியே போகாவிட்டாலும் பார்வோ உள்ளே வரும். 1978ஆம் ஆண்டுவாக்கில் உலகெங்கும் பரவிய இந்தக் குடல்நோயின் கிருமி, மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஓராண்டுக்கும் மேலாக உயிரோடு கிடக்கக் கூடியது. செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டே அது வீட்டுக்குள் வந்துவிடும். இதை நான் சொந்த இழப்பிலிருந்து எழுதுகிறேன். செவிலியாகச் சேர்வதற்கு முன், எங்கள் தெருவில் கிடந்த ஒரு செவலைக் குட்டியை எடுத்து வந்தேன். ஒரே ஓர் ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நம்பி, பக்கத்து வீட்டு முற்றத்தில் அதை விளையாட விட்டேன். அந்த முற்றத்தில் இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு நாய் வயிற்றுப்போக்கில் செத்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஐந்தாம் நாள் காலையில் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்தபடி, குடிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. தாகம் இருந்தது, குமட்டலில் குடிக்க முடியவில்லை. மதியத்துக்குள் இரத்தம் கலந்து போயிற்று. அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் இரவு அது இறந்தது. அந்தக் கிண்ணத்தருகே கிடந்த நிலையை அதன்பின் எத்தனையோ குட்டிகளிடம் கண்டேன், கண்டவுடனே மருத்துவரை அழைத்தேன், அவற்றுள் பல பிழைத்தன. வாந்தியெடுத்து உணவை மறுக்கும் குட்டியை நாளைக் காலை பார்ப்போம் என்று வைத்திருக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் அல்லது அக்கம்பக்கத்தில் அண்மையில் நாய் எதுவும் அப்படி இறந்திருந்தால், ஒரு பங்கு ப்ளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து, சிமெண்டுத் தரையை முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவிய பின் அதன்மீது ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். புல்தரையையும் மண்ணையும் அப்படிச் சுத்தம் செய்ய இயலாது. ஆகவே கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை குட்டியை அந்தப் பக்கமே விடாதிருப்பதுதான் வழி. காப்பகத்திலேயே கிருமி தொற்றியிருந்தாலும் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால், முதல் இரண்டு வாரங்கள் குட்டியை மற்ற நாய்களிடமிருந்து தள்ளியே வைத்திருங்கள்.

வெறிநாய்க்கடி நோயான ரேபிஸ் பற்றி நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1961ஆம் ஆண்டில் மொசாம்பிக் எல்லை வழியே நம் மாகாணத்துக்குள் வந்த அந்த நோய், அந்தப் பத்தாண்டுகளுக்குள் அடக்கப்பட்டு, 1976இல் மறுபடியும் நுழைந்தது; அன்று முதல் குவாசூலு-நேட்டாலை விட்டுப் போகவில்லை. இந்நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, அதன்பின் 30 நாளுக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மிகாமலும் இரண்டாவது ஊசி, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது போட வேண்டும். நம் மாகாணத்தில் ஆண்டுதோறும் போடுவதையே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். அரசுக் கால்நடைத் துறையினர் இந்த ஊசியை முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். இதில் பணத்துக்கு இடமே இல்லை. ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100க்கு 70 என்ற அளவுக்கு ஊசி போட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் குட்டியும் அந்த எழுபதில் ஒன்றாக வேண்டும்.

உங்கள் குட்டி வாசலைத் தாண்டாதிருக்கலாம், நோயுற்ற தெருநாய் உங்கள் வாசலுக்குள் வராது என்பதற்கு உறுதியில்லை. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி ஆகியவற்றை வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். அதைச் செய்யவே கூடாது. அது காயத்தைப் புண்ணாக்கி, கிருமியை உள்ளே அனுப்புகிறது. நோயின் அறிகுறிகள் தோன்றிய பிறகு ரேபிஸுக்கு மருந்து கிடையாது.

டோங்காட்டிலிருந்து ஒரு குடும்பத் தலைவி: நாங்கள் புரட்டாசி முழுவதும் விரதம் இருப்போம், காவடிக்கும் பத்து நாள் விரதம். அந்த நாட்களில் வீட்டுக்குள் இறைச்சி வராது. குட்டிக்குச் சோறும் பருப்பும் போதும் என்கிறார் எங்கள் ஆயா. குட்டியும் விரதம் இருக்கலாமா?

ஆயாவின் அன்பில் எனக்கு ஐயமில்லை, ஆனால் வளரும் குட்டிக்குச் சோறும் பருப்பும் போதாது. நாய்கள் மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கக் கற்றுக்கொண்டவைதான். பெரிய நாய் ஒன்றுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் சைவ உணவு அமைத்துத் தருவதும் இயலாத காரியமில்லை. இரண்டு மாதக் குட்டியின் எலும்புகளோ வாரத்துக்கு வாரம் நீளுகின்றன. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் சேராவிட்டால் முன்னங்கால்கள் வளைந்து போகும், வளைந்த பின் அவற்றை நிமிர்த்துவது கடினம். வெறும் மீலி பாப் என்னும் மக்காச்சோளக் களியை ஊட்டி வளர்த்த குட்டிகளிலும் இதே குறையைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் விரதத்துக்கு இதில் எந்த இடையூறும் வர வேண்டியதில்லை. குட்டிகளுக்கென்றே செய்த உலர் தீனியை மூடியிட்ட வாளியில் பின் வராந்தாவில் வைத்து, அங்கேயே அதற்கென்று ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் ஒதுக்கிவிடுங்கள். சமையலறைக்குள் எதுவும் வர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முப்பது புரட்டாசிகள் இப்படித்தான் கழிந்தன. பூசை செய்யும் என் மாமியாரே, குளிப்பதற்கு முன் குட்டிக்குத் தீனி போட்டுவிட்டு வருவார். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை என்று பழக்குங்கள். சிறு குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்து தள்ளாடி விழுந்துவிடும். ஆகவே குட்டிக்கு விரதம் வேண்டவே வேண்டாம்.

பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், தண்ணீரே போதும். வெங்காயமும் பூண்டும் பச்சையாயினும் வேகவைத்ததாயினும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை அறவே நிறுத்திவிடுங்கள். சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பலருக்குத் தெரியாதது உலர்திராட்சையின் ஆபத்து. பூசைத் தட்டில் வைக்கும் ரவை இனிப்பான சோஜியில் திராட்சையும் பாதாமும் நிறையப் போடுகிறோம். ஒரு பிடி சோஜியிலுள்ள திராட்சையே சிறு குட்டியின் சிறுநீரகத்தை முடக்கிவிடக்கூடும். தீபாவளியன்று அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் பலகாரத் தட்டுகளைத் தாழ்வான மேசையில் வைக்காதீர்கள். குட்டி தின்றுவிட்டது தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று காத்திராமல், எவ்வளவு தின்றிருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து ஓர் இளைஞர்: எங்கள் முந்தைய நாய், உண்ணிக்கடியால் வரும் பில்லியரி நோய் வந்து இறந்தது. புதுக் குட்டிக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். வீட்டில் உண்ணிக்குக் கழிவறை கழுவும் கரிய கிருமிநாசினியைத் தண்ணீரில் கலந்து தேய்ப்பது வழக்கம்.

தம்பி, அந்த வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாரிலிருந்து எடுத்த பொருட்கள் கொண்ட அந்தத் திரவம் தோலின் வழியாகவே உடலுக்குள் சென்று ஈரலைத் தாக்கும். குட்டி உடம்பை நக்கினால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். பழைய எஞ்சின் எண்ணெயும் மாட்டுக்குப் போடும் உண்ணி மருந்தும் அப்படியே. எட்டு வாரம் முடிந்த குட்டிக்குப் பாதுகாப்பான சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. குட்டியின் எடையைச் சொல்லி மருத்துவரிடமே வாங்குங்கள்.

நாம் பில்லியரி என்று சொல்வது பபீசியா ரோஸி என்ற ஒட்டுண்ணியால் வருகிறது. மஞ்சள் நாய் உண்ணி கடிக்கும்போது அது இரத்தத்தில் புகுந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் காணப்படும் இந்த வகை, மற்ற நாடுகளிலுள்ள வகைகளைவிடக் கடுமையானது. கோடை மழைக்குப் பிறகு புல் உயர்ந்திருக்கும் மாதங்களில் நாள்தோறும் மாலையில் குட்டியை மடியில் கிடத்தி, காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். அப்படியே மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், விளையாடிய குட்டி சுருண்டு படுத்தால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். முதல் நாளில் வந்தால் ஓர் ஊசியோடு தேறும் குட்டி, மூன்றாம் நாளில் வந்தால் இரத்தமேற்றியும் பிழைக்காமல் போகலாம். இப்போது நலமாயிருக்கும்போதே தினமும் ஈறைப் பார்த்துப் பழகினால்தான் நிறம் மாறியது உங்களுக்குத் தெரியும்.

லெனேசியாவிலிருந்து ஒரு மருமகள்: குட்டி வந்து மூன்று இரவாகிறது. விடிய விடிய அழுகிறது. கராஜில் விட்டுக் கதவை மூடினால் இரண்டு நாளில் அடங்கிவிடும் என்கிறார் மாமா. தீபாவளிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, அதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

உங்கள் மாமா சொல்வதுபோல் அது அடங்கிவிடும் என்பது உண்மைதான். அழுது பயனில்லை என்று தெரிந்த பின் எந்தக் குழந்தையும் அடங்கும். பிறந்தது முதல் உடன்பிறப்புகளின் உடற்சூட்டில் உறங்கிய குட்டி, முதன்முறையாகத் தனியே, குளிர்ந்த சிமெண்டுத் தரையில் படுக்கும்போது அழாமல் என்ன செய்யும்? மாமாவிடம் பணிவாகச் சொல்லுங்கள்: இரண்டு வாரத்துக்கு மட்டும், உயரமான ஓர் அட்டைப்பெட்டியை உங்கள் கட்டிலின் அருகே வைத்து, அதில் பழைய சேலையொன்றை மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். அழும்போது கையைத் தொங்கவிட்டால் குட்டி விரலை முகர்ந்துவிட்டு உறங்கும். பிறகு பெட்டியை நாளுக்கு ஓரடியாகக் கதவை நோக்கி நகர்த்தி, விரும்பிய இடத்துக்குக் கொண்டு போகலாம். இரவில் ஒருமுறை, இயன்றால் இருமுறை, விளக்குப் போடாமல் பேச்சுக் கொடுக்காமல் வெளியே தூக்கிச் சென்று சிறுநீர் கழிக்க வையுங்கள். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள இயலாது. வீட்டுக்குள் கழித்துவிட்டால் மூக்கை அதில் தேய்ப்பதால் அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் கழிக்க வேண்டும்.

தீபாவளியைப் பற்றி நீங்கள் இப்போதே நினைத்தது மிகவும் நல்லது. மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டியின் மனம் புதியவற்றை அச்சமின்றி ஏற்கும். அந்தக் காலத்தில் கேட்ட ஒலிகளும் பார்த்த மனிதர்களும் அதற்கு வாழ்நாள் முழுவதும் பழகியவர்கள். ஊசிகள் முடியாததால் தரையில் விட முடியாது என்ற தடை இருந்தாலும், தோளில் தூக்கிச் செல்வதற்குத் தடையில்லை. கோயில் வாசல் வரை தூக்கிச் சென்று சற்றுத் தொலைவில் நின்று மேளச் சத்தத்தைக் கேட்க வையுங்கள். டாக்சி ஹாரன், விடியலில் கத்தும் ஹடீடா பறவை, தொப்பி அணிந்தவர், தாடி வைத்தவர், குடை பிடித்தவர் எல்லோரையும் பார்க்கட்டும். பட்டாசுச் சத்தத்தின் ஒலிப்பதிவைக் கைப்பேசியில் மிக மெதுவாக, தீனி தின்னும் நேரத்தில் வைத்து, குட்டி காதை நிமிர்த்தாமல் தின்கிற அளவிலேயே சில நாட்கள் விட்டு, பிறகு சிறிது கூட்டுங்கள். உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் கோடை இடிமுழக்கத்துக்கும் இதுவே பயிற்சி.

தீபாவளி இரவில் சன்னலற்ற அல்லது கனத்த திரையிட்ட உள்ளறையில் வானொலியைப் போட்டுவிட்டு, குடும்பத்தில் ஒருவர் குட்டியோடு இருக்க வேண்டும். வாயிற்கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓடிவிடக்கூடும் என்பதால் கழுத்தில் கைப்பேசி எண் பொறித்த வில்லை கட்டாயம் இருக்கட்டும். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பழைய வகை மாத்திரையான அசிப்ரோமசின் உடலை மட்டும் அசையாமல் கிடத்துகிறது, அச்சத்தை எடுப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தக்க மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். உங்கள் வீட்டில் இவ்வாண்டு வெடியைத் தவிர்த்து மத்தாப்போடும் விளக்கோடும் நிறுத்திக்கொள்ள முடியுமானால், பிள்ளைகளிடம் குட்டியைக் காட்டியே சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்கள்.

மெர்பேங்கிலிருந்து ஒரு தாய்: நான்கு வயது மகன் குட்டியோடு மணலில் விளையாடுகிறான். அவன் பாதத்தில் வளைந்து வளைந்து சிவந்த கோடுகள் தோன்றியிருக்கின்றன.

அது பெரும்பாலும் நாம் மணற்புழு என்று சொல்லும் தோல்நோய். நாய், பூனையின் குடலிலுள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் ஈரமணலிலிருந்து தோலுக்குள் புகுவதால் வருகிறது. டர்பனின் கடலோர வெப்பத்தில் இது மிகச் சாதாரணம். மகனை மருத்துவரிடம் காட்டினால் எளிதில் குணமாகும். குட்டிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் குடற்புழு மருந்து தர வேண்டும். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள், மணல்தொட்டியை மூடி வையுங்கள், பையன் செருப்போடு விளையாடட்டும்.

இசிப்பிங்கோவிலிருந்து ஒரு முதியவர்: எனக்கு 71 வயது, என் மனைவிக்கு 68. பிள்ளைகள் வெளிநாட்டில். துணைக்கு ஒரு குட்டி வளர்க்க ஆசைப்படுகிறோம். தவறா?

ஆசை தவறே இல்லை, ஐயா. குட்டியைவிட, ஐந்தாறு வயதான நாயொன்றை நீங்கள் தத்தெடுப்பதை நான் பெரிதும் விரும்புவேன். இன்று எடுக்கும் குட்டி பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடும்; முதலாண்டில் அது இரவில் எழுப்பும், காலுக்கிடையே ஓடும், கயிற்றை இழுக்கும். இந்த வயதில் ஒருமுறை தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். உரிமையாளர் இறந்ததாலோ குடிபெயர்ந்ததாலோ காப்பகத்துக்கு வந்த, வீட்டுப் பழக்கம் உள்ள நாய்கள் ஒவ்வொரு கூண்டு வரிசையிலும் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் குட்டிகளிடம் நேரே போய்விடுவதால் அவை மாதக்கணக்கில் காத்திருக்கின்றன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டமில்லாத நேரத்தில் இருவருமாகப் போய், காப்பகப் பணியாளரிடம் அப்படிப்பட்ட நாயைக் காட்டச் சொல்லி, அதோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். முதல் நாளே முடிவு சொல்ல வேண்டியதில்லை. மறுவாரம் போகும்போது அது உங்களை அடையாளம் கண்டுகொள்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு உடல்நலம் குன்றினால் அதை யார் ஏற்றுக்கொள்வார் என்பதை உறவினர் ஒருவரிடம் முன்பே பேசி, அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தடுப்பூசி அட்டையின் பின்புறம் எழுதி வையுங்கள்.